சிவப்புப் பேனாவை உள்ளே வையுங்கள்

மே 3, ஞாயிறு, இரவு

நாளை பயிலரங்கு தொடங்குகிறது. பன்னிரண்டு நாள். வழிகாட்ட இரண்டு எழுத்தாளர்கள் வருகிறார்கள். ஒருவர் ஏழு நாவல்கள் எழுதிய பெரியவர். இன்னொருவர் இரண்டே சிறுகதைத் தொகுதிகளில் பெயர் வாங்கிய பெண், என்னைவிட வயதில் சிறியவர். பங்கேற்பவர்கள் பதினான்கு பேர். ஒவ்வொருவரும் 4,000 சொற்களுக்கு மிகாமல் ஒரு கதையை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, மற்ற பதின்மூன்று கதைகளையும் படித்துவிட்டு வர வேண்டும் என்பது நிபந்தனை.

படித்துவிட்டேன். பதினேழு வருடமாக மெய்ப்புத் திருத்துவதுதான் எனக்குத் தொழில் என்பதால் கை சும்மா இருக்கவில்லை. பதின்மூன்று கதைகளிலும் சேர்த்து 412 பிழைகள். எண்ணினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கதையில் ஒன்றுகூட இல்லை. நான்கு முறை பார்த்துவிட்டேன்.

மே 4, திங்கள்

காலை முழுவதும் அறிமுகம். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இரவுப்பணிச் செவிலியர், இரண்டு ஆசிரியைகள், சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன். மற்றவர்கள் பெயர் இன்னும் மனதில் நிற்கவில்லை. ஏன் எழுத வந்தீர்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் அழகாகப் பதில் சொன்னார்கள். எல்லாம் வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு வந்த பதில்கள், என்னுடையது உட்பட.

மதியம் விதிகளைச் சொன்னார்கள். ஒருவர் கதையைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. 1936இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எழுத்துப் பட்டறையின் வழியாகப் பரவிய பழக்கம் இது. ஆனால் சிறுகதையாளருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எழுதியவருடைய உலகம் மற்றவர்களுக்குக் கொஞ்சமும் தெரியாததாக இருந்தால், அந்த மௌனம் அவரைக் கூண்டில் நிறுத்துவதுபோல் ஆகிவிடும் என்கிறார். பெரியவர் விதியின் பக்கம். "நீங்கள் தரும் விளக்கம் புத்தகத்தோடு சேர்ந்து வாசகர் வீட்டுக்குப் போகாது" என்றார். கடைசியில் நடுவழி ஒன்று கண்டார்கள். முப்பது நிமிடம் மௌனம். அதற்குப் பிறகு பத்து நிமிடம் எழுதியவர் பேசலாம், ஆனால் கேள்வி மட்டும் கேட்கலாம். தற்காப்பு கூடாது.

கலையும் நேரத்தில், மேசைமேல் சிவந்து கிடந்த என் பிரதிகளைப் பெரியவர் புரட்டிப் பார்த்தார்.

"தொழிலா?"

"ஆமாம் சார், பதினேழு வருடம்."

"பேனாவை உள்ளே வையுங்கள். கடைசி நாள் எடுத்துக்கொள்ளலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. தந்த பலகை வேறு, தந்தப் பலகை வேறு. ஓர் ஒற்று விழுந்தால் கொடுத்த பலகை யானைத் தந்தமாகிவிடும். இதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? ஆனாலும் உள்ளே வைத்தேன்.

மே 5, செவ்வாய்

கதையின் பெரும்பகுதி சொல்லப்படாமல் நீருக்கடியில் இருக்க வேண்டும் என்ற ஹெமிங்வேயின் பனிப்பாறை உவமை இரண்டாம் நாளே வந்துவிட்டது. இவ்வளவு நேரம் வராமல் தாங்கியதே பெரிது. அடுத்து நிலா. "நிலா ஒளிர்கிறது என்று சொல்லாதே, உடைந்த கண்ணாடியில் அதன் மினுக்கத்தைக் காட்டு என்று செகாவ் சொல்லியிருக்கிறார்" என்றார் ஆசிரியைகளில் ஒருவர். சிறுகதையாளர் புன்னகையோடு திருத்தினார். அந்த வாக்கியம் அப்படியே செகாவ் எழுதியதல்ல. 1886 மே மாதம் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது இன்னும் நுணுக்கமானது: ஆலை அணைக்கட்டின் மேல் உடைந்த புட்டித் துண்டு ஒன்று நட்சத்திரம்போல மின்னட்டும், நாயின் நிழலோ ஓநாயின் நிழலோ பந்துபோல உருண்டு போகட்டும், நிலவொளி இரவு தானாக வந்துவிடும் என்பது அதன் சாரம். நாம் எல்லோரும் புட்டித் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஓநாயை விட்டுவிட்டோம் என்றார். எனக்கும் அந்த ஓநாய்தான் பிடித்திருக்கிறது. நாயா ஓநாயா என்று தெரியாமல் இருப்பதில்தான் இரவே இருக்கிறது.

பிறகு பயிற்சி. வெயிலை வெயில் என்று சொல்லாமல், பதினைந்து நிமிடத்தில். பதினான்கு பேரில் ஒன்பது பேர் வியர்வை என்று எழுதியிருந்தோம். சட்டக் கல்லூரிப் பையன் எழுதியது ஒரே வரி: "வாசல் பூட்டை அவள் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்துத் திறந்தாள்." அறை ஒரு கணம் அமைதியானது. அவன் தாளில் அந்த வரி "வாசல் பூட்டை அவள் கைகுட்டையால் சுற்றி பிடித்து திறந்தாள்" என்று இருந்தது. மூன்று ஒற்றுகள் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மே 7, வியாழன்

இன்று செவிலியரின் கதை. ஒரு பக்கத்துக்குள் மூன்று பேர் மனதுக்குள் போய் வருகிறது. நோயாளி நினைக்கிறார், அடுத்த வரியில் மகன் நினைக்கிறான், அதற்கடுத்து மருத்துவர் நினைக்கிறார். "இந்த அறையில் யாருடைய கண் திறந்திருக்கிறது?" என்று மட்டும் பெரியவர் கேட்டார். நோக்குநிலை பற்றி நான் படித்திருந்த நாற்பது பக்கக் கட்டுரையை இந்த ஒரு கேள்வி வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

ஆனால் இன்றைய நாள் செவிலியருடையது. முப்பது நிமிடம் அடி வாங்கிவிட்டு, தன்னுடைய பத்து நிமிடத்தில் அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது?"

இப்படிக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஏழு பேர் ஒரே பத்தியைக் காட்டினார்கள். வாழ்வும் சாவும் பற்றிய தத்துவப் பத்தி. "அதைத்தான் கஷ்டப்பட்டு எழுதினேன்" என்று சொல்லவந்தவர், விதி நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். படுக்கை எண்களை வைத்து நோயாளிகளை நினைவு வைத்துக்கொள்வதாக அவர் எழுதிய இடத்தை யாரும் விடத் தயாராக இல்லை. அதை அவர் யோசிக்காமலே எழுதியிருக்கிறார்.

மே 8, வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை. திங்கட்கிழமை என் கதை.

மே 9, சனி

மாலையில் பதிப்பாசிரியர்கள் பற்றிப் பேச்சு. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வருக்கும் அவருடைய பதிப்பாசிரியர் கார்டன் லிஷுக்கும் நடந்த கதை. 1981இல் வந்த கார்வரின் தொகுதியில் லிஷ் பாதிக்கு மேல் வெட்டியிருந்தார். நூலை நிறுத்தும்படி கார்வர் கெஞ்சி எழுதிய கடிதமும் இருக்கிறது. நூல் வந்தது, புகழும் வந்தது. வெட்டப்படாத வடிவம் 2009இல்தான் வெளியானது, கார்வர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு.

இரண்டிலிருந்தும் ஒரே காட்சியை வாசித்துக் காட்டினார்கள். நான் எழுத்தாளர் பக்கம்தான் நிற்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்டிய வடிவம் கத்திபோல இருக்கிறது. வெட்டாததில் மனிதர்கள் இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். எது மேல் என்று இரவு பத்து மணி வரை சண்டை. வங்கி அதிகாரிக்கு வெட்டியதுதான் பிடித்தது, "ஆனால் என் கதையில் யாராவது இப்படிக் கைவைத்தால் வழக்குப் போடுவேன்" என்றார். சட்டக் கல்லூரிப் பையன் தன் முதல் கட்சிக்காரர் கிடைத்துவிட்டதாகச் சொன்னான்.

மே 11, திங்கள்

என் கதை.

பழைய அடுக்குமாடிக் கட்டடம், இரும்புக் கிராதிக் கதவு வைத்த லிஃப்ட். அதை இயக்குபவருக்கு அன்று கடைசி நாள். மறுநாள் தானியங்கி லிஃப்ட் பொருத்தப்போகிறார்கள். இதுதான் கதை.

முதலில் பேசியவர் "சுத்தமான நடை" என்றார். இரண்டாமவர் "தெளிவாக இருக்கிறது" என்றார். மூன்றாமவர் "ஒரு பிழைகூட இல்லை" என்றார். பதினேழு வருடத்தில் அந்த வார்த்தைகள் என்னைக் குத்தியது இதுதான் முதல்முறை. விருந்தாளி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தரை பளபளவென்று இருக்கிறது என்று மட்டும் சொல்லிப் போனதுபோல.

பிறகு பையன் கேட்டான். "அக்கா கதையில் நான்காம் பக்கத்தில் ஓர் அம்மா வருகிறாரே, அவர் யார்?"

தினமும் நான்கு மணிக்கு ஒரு பெண் லிஃப்டில் ஏறுகிறார். ஐந்தாம் மாடி வரை போகிறார். எங்கும் இறங்காமல் கீழே வந்து போய்விடுகிறார். ஒரே பத்தி, ஐந்து வாக்கியம். மீதி இருபத்தைந்து நிமிடமும் அவரைப் பற்றித்தான் பேச்சு. மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு மேல்மாடி மகன் வீட்டுக்குப் போக மனம் வராமல் திரும்புகிறார் என்றார் வங்கி அதிகாரி. ஆவி என்றார் ஆசிரியை. "யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும் அல்லவா, அதற்காக வருகிறார்" என்றார் செவிலியர், குரலை உயர்த்தாமல். ஓய்வுபெறும் மனிதரைப் பற்றி, அவர் முப்பது வருட உழைப்பைப் பற்றி, நான் மூன்று முறை திருத்திய கடைசிப் பத்தியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணை எழுதியதே எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த இடத்தில் நேரம் நகர வேண்டியிருந்தது, அதற்காக ஒருவரை ஏற்றி இறக்கினேன்.

என் பத்து நிமிடத்தில் கேட்டேன்: "அவரை எடுத்துவிட்டால்?"

"எடுத்துவிட்டால் கதையில் லிஃப்ட் மட்டும்தான் இருக்கும்" என்றார் பெரியவர்.

மாலையில் சிறுகதையாளரோடு இருபது நிமிடத் தனிச் சந்திப்பு. என் பிரதியில் அவர் பென்சிலால் இரண்டே குறிப்புகள் போட்டிருந்தார். நான்காம் பக்கத்தில் "இங்கே தொடங்குகிறது." முதல் பக்கத்தில் வெறும் ஓர் எண்: 31இல் 27. என்னவென்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் 31 வாக்கியங்கள், அவற்றில் 27 இறந்தகால வினைமுற்றில் முடிகின்றன. வந்தார், நின்றார், பார்த்தார், திறந்தார். "உங்கள் வாக்கியங்கள் எல்லாம் எழுந்து நின்று பேசுகின்றன அக்கா. ஒன்றிரண்டாவது உட்காரட்டும்."

தமிழில் வினை கடைசியில் வருவது நம் வசதி. அதுவே பொறி என்பது, நாள் முழுக்கப் பிறருடைய வாக்கியங்களுக்குள் குடியிருக்கும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. பெயர்ச்சொல்லில் முடியலாம். கேள்வியில் முடியலாம். பேச்சின் நடுவில் அறுந்து நிற்கலாம். இதெல்லாம் இலக்கணப் பிழையே அல்ல. ஆனாலும் இத்தனை வருடமாக அத்தகைய வரிகளின் பக்கத்தில் நான் ஒரு கேள்விக்குறி போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேர் அதற்குப் பயந்து மாற்றினார்களோ.

மே 13, புதன்

முதல் மூன்று பக்கங்கள் போயின. ஏறத்தாழ 1,400 சொற்கள். அவற்றில் நல்ல வாக்கியங்கள் இருந்தன என்று இங்காவது பதிந்து வைக்கிறேன்.

கையால் எழுதுகிறேன். கண் முழுக்க லிஃப்ட்காரருடையது. எனவே அந்தப் பெண்ணின் மனதுக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. லிஃப்ட்காரருக்கு என்ன தெரியும்? பின்னங்கழுத்து. செருப்பின் வார் ஒன்று புதிது, ஒன்று பழையது. கிராதி வழியே ஒவ்வொரு மாடி வெளிச்சமாக அவர் முகத்தில் ஏறி மறைவது. ஒரு நாள் முழுதும் எழுதி ஒன்றரைப் பக்கம். ஒற்று விட்டுப்போயிருக்கும், திரும்பிப் பார்க்கவில்லை.

மே 14, வியாழன்

நூல் வெளியிடுவது பற்றி. பயனுள்ள அமர்வுதான், ஆனால் கதை எழுதாதவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள். நான் குறித்துக்கொண்டது: ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல் உரிமைகள் அதில் சேர்கின்றனவா, எத்தனை ஆண்டுக்கு என்று பார்க்க வேண்டும். ஒரு நாவலுக்கு எத்தனை மாதம் ஆகும் என்று யாரோ கேட்டார்கள். தன் முதல் நாவலுக்குப் பதினோரு வருடம் ஆனதாகவும், அதில் ஆறு வருடம் அது அலமாரியில் இருந்ததாகவும் பெரியவர் சொன்னார். கேட்டவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார், பாவம்.

மே 15, வெள்ளி

நிறைவு வாசிப்பு. ஆளுக்கு ஐந்து நிமிடம். செவிலியர் படுக்கை எண்களிலிருந்து தொடங்கினார். தத்துவப் பத்தி காணவில்லை. என் முறை வந்தபோது நாக்கு உலர்ந்துவிட்டது. வாசித்துக்கொண்டே போகும்போது இரண்டாம் பத்தியில் "அவரை பார்க்காமல்" என்று இருந்ததைக் கண் பிடித்துவிட்டது. அடுத்த வரியில் கொஞ்சம் தடுமாறினேன்.

விடைபெறும்போது பெரியவரிடம், "சார், இனிமேல் பேனாவை எடுக்கலாமா?" என்றேன்.

"எந்தப் பேனா?" என்றார். அவருக்கு நினைவே இல்லை.

மே 18, திங்கள்

வேலைக்குத் திரும்பிவிட்டேன். பையன் தன் கதையின் புதிய வடிவத்தை அனுப்பி, "அக்கா, தயவு பார்க்காமல் திருத்துங்கள்" என்று கேட்டிருந்தான். 38 பிழைகள். கூடவே, படிப்பதை நிறுத்தத் தோன்றிய இடத்தையும் ஒரு கோடு போட்டுக் காட்டி அனுப்பினேன். கோட்டைப் பற்றி மட்டும் பதில் வந்திருக்கிறது, மூன்று பக்கத்துக்கு.

என் கதை முடியவில்லை. அந்தப் பெண் ஏன் இறங்குவதில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். இன்று மாலை, வேறொருவருடைய மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது: அது கிராதிக் கதவு. உள்ளே இருப்பவர் தானாகத் திறந்துகொண்டு இறங்குவது வழக்கமில்லை. திறக்க வேண்டியவர் லிஃப்ட்காரர். ஐந்தாம் மாடியில் ஒரு நாளாவது அவர் கதவைத் திறந்தார் என்று நான் எங்கும் எழுதவில்லை.