தறிச் சத்தத்துக்கு நடுவே அப்பா குரல்: ஒரு காலர் மைக் வாங்கிய அனுபவம்

நாங்கள் ஆரணிப் பட்டு நெய்கிறவர்கள். அப்பாவுக்கு அறுபத்தேழு வயது. காலையில் குழித்தறியில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். நெய்துகொண்டே அவர் பேசுவதையெல்லாம் வீடியோவாக எடுத்து வைக்க வேண்டும் என்று போன வருடம் ஆடி மாதம் ஆரம்பித்தேன். எனக்குத் தறி வேலை பாதிதான் தெரியும், மீதி அவரோடு இருக்கிறது. சேலை வாங்குகிறவர்களுக்கும் அது யார் கையில் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதல் நாள் போனைக் குட்டி ஸ்டாண்டில் வைத்து ஆறடி தள்ளி நிறுத்தி எடுத்தேன். படம் அருமையாக வந்திருந்தது, ஜன்னல் வெளிச்சம் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவின் மேல் விழுந்து ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. குரல்தான் இல்லை. பலகையை இழுத்து ஊடையை, அதாவது குறுக்கு இழையை, அடிக்கும் ஒவ்வொரு 'டக்'கும் பெரிதாகக் கேட்டது, அதற்குப் பின்னால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல அப்பா. சத்தத்துக்குத் தகுந்த மாதிரி போன் தானாகவே மைக்கை ஏற்றி இறக்குகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒரு அடி விழுந்தவுடன் மைக்கை இறக்கிவிடும், திரும்ப ஏற்றுவதற்குள் அப்பா இரண்டு வார்த்தை பேசி முடித்திருப்பார். அந்த இரண்டு வார்த்தைதான் நமக்கு வேண்டியது.

இதில் விலையைவிட முக்கியம் தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரம் பாதியாகக் குறைந்தால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். ஆறடி தள்ளி இருக்கும் போனை விட்டுவிட்டு வாய்க்கு ஒரு சாண் கீழே மைக்கை மாட்டினால் தூரம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது, திறந்த வெளிக் கணக்குப்படி சுமார் 18 டெசிபல் லாபம். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்வதால் அவ்வளவு முழுதாகக் கிடைக்காது, ஆனாலும் வித்தியாசம் காதுக்கு உடனே தெரியும். தறியின் சத்தம் குறையவில்லை, அப்பாதான் பக்கத்தில் வந்துவிட்டார்.

அதனால் வயர் இல்லாத காலர் மைக் ஒன்று வாங்கினேன், 450 ரூபாய். பெட்டியில் பெயர் என்று எதுவும் இல்லை. சட்டையில் மாட்டும் கிளிப் ஒன்று, போனில் செருகும் ரிசீவர் ஒன்று, அவ்வளவுதான். செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. நாற்பது நிமிடம் எடுத்தேன். போட்டுக் கேட்டால் பழைய கிணற்றுக் குரலே வந்தது. நான் எடுத்த கேமரா ஆப் வெளி மைக்கைக் கண்டுகொள்ளவே இல்லை, முழுக்கப் போனின் மைக்கில்தான் பதிவு செய்திருக்கிறது. விளக்கு எரிவதற்கும் பதிவாவதற்கும் சம்பந்தமே இல்லை. ரிசீவரும் கிளிப்பும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்பதற்குத்தான் அந்த விளக்கு. ஓப்பன் கேமரா என்று இலவச ஆப் இருக்கிறது, அதன் செட்டிங்ஸில் ஆடியோவுக்கு வெளி மைக்கைத் தேர்ந்தெடுக்கலாம். மறுநாள் அதில்தான் எடுத்தேன். சில ஆண்ட்ராய்டு போன்களில், வெளிக் கருவியைச் செருகிப் பயன்படுத்த விடும் ஓடிஜி என்ற வசதியையும் தனியாக ஆன் செய்ய வேண்டும், கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே ஆஃப் ஆகிவிடும். இன்னொன்று, போன் கவர். கவர் தடிமனாக இருந்தால் ரிசீவர் முழுதாக உள்ளே போகாது, பாதி செருகி நிற்கும். எடுக்கும்போது கவரைக் கழற்றிவிடுகிறேன்.

அடுத்த நாள் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தாத்தா முதன்முதலாகத் தன்னைத் தறியில் உட்கார வைத்த நாளைப் பற்றி அப்பா பேசினார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் ஆரம்பித்தார். கால் மிதிக்கு எட்டவில்லை என்று தாத்தா மிதியின் மேல் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கொடுத்தாராம். கைக்கும், ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவுக்கும் படம் கிடைக்கட்டும் என்று அன்றைக்கு அவர் தோளுக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். மைக் அவர் நெஞ்சில், போன் அவர் முதுகுக்குப் பின்னால். பதிவைக் கேட்டால் அவர் முன்னே குனியும் ஒவ்வொரு தடவையும் குரல் அறுந்து அறுந்து வருகிறது. "எங்கப்பா என்ன பண்ணாருன்னா" என்கிறார், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் "கட்டிட்டு, இப்ப மிதிடா" என்று வருகிறது. நடுவில் இருந்தது போய்விட்டது. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டேன், சொன்னார், ஆனால் ஒப்பிப்பது போலச் சொன்னார். முதல் தடவை குரலில் இருந்த நடுக்கம் இரண்டாம் தடவை இல்லை.

காரணம் எளிதானது. இந்த விலையில் கிடைக்கும் வயர்லெஸ் மைக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. வீட்டு வைஃபை, புளூடூத் எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கின்றன. நம் உடம்பில் தண்ணீர்தான் அதிகம், தண்ணீர் அந்த அலையை நன்றாக விழுங்கும். பெட்டியில் 20 மீட்டர், 50 மீட்டர் என்று போட்டிருப்பது நடுவில் எதுவும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. நடுவில் ஒரு ஆள் இருந்தால் ஆறடியே சில மைக்குக்கு அதிகம். அதனால் ரேஞ்ச் எண்ணை நான் பார்ப்பதே இல்லை. மைக்குக்குப் போன் தெரிகிற மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். பின்னாலிருந்து எடுக்க வேண்டுமென்றால் மைக்கை நெஞ்சிலிருந்து தோள்பட்டை ஓரத்துக்கு மாற்றிவிடுகிறேன். இந்த மைக்குகள் பெரும்பாலும் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி சத்தத்தை எடுப்பவை, கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இரண்டாவது மைக் வாங்கும்போது அவசரப்படவில்லை. வயர் வைத்த காலர் மைக்கையே வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். போயாவின் பிஒய்-எம்1 பல வருடமாகப் பலரும் பயன்படுத்துவது, 6 மீட்டர் வயர், ஒரு பட்டன் பேட்டரி, அறுந்து போகும் குரல் என்ற பேச்சுக்கே இடமில்லை. உட்கார்ந்த இடத்தில் பாடம் எடுக்கிறீர்கள், சமையல் மேடையை விட்டு நகரப் போவதில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வயர் மைக் வாங்குங்கள், குறைந்த காசில் நல்ல குரல் அதில்தான் கிடைக்கும். போனில் 3.5 எம்எம் ஓட்டை இல்லையென்றால் ஒரு கன்வெர்ட்டர் கூடுதலாக வேண்டும். எனக்கு அது சரிப்படவில்லை. பட்டு இழை ஓடும் தறிக்கு மேலே வயர் தொங்குவதை அப்பா ஒரு நிமிடம்கூடச் சகிக்க மாட்டார். இழையில் மாட்டினால் அறுந்ததை முடிய அரை நாள் ஆகும்.

புளூடூத் இயர்போனையே மைக்காகப் பயன்படுத்தலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். புளூடூத்தில் மைக் வேலை செய்யும்போது பொதுவாக அது போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும், பதிவும் போன் பேச்சு மாதிரியே இருக்கும். அதனால் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் 2,200 ரூபாய்க்கு இரண்டு கிளிப் மைக், ஒரு ரிசீவர், மூன்றையும் வைத்துச் சார்ஜ் போடும் குட்டி டப்பா என்று ஒன்று வாங்கினேன். சட்டையில் மாட்டும் குட்டிப் பெட்டிக்குள்ளேயே மைக்கும் இருக்கும் இந்த வடிவம் பரவலானது 2019-ல் ரோட் கம்பெனியின் வயர்லெஸ் கோ மைக் வந்த பிறகுதான். அப்போது சட்டையில் மாட்டும் பெட்டி 31 கிராம். இப்போது ஹாலிலேண்டின் லார்க் எம்2 மாதிரி வருவது 9 கிராம்தான், பெரிய கோட் பட்டன் அளவு. அந்த நல்ல மைக்குகளுக்கும் குறைந்த விலை மைக்குகளுக்கும் குரலில் இருக்கும் வித்தியாசம் நான் பயந்த அளவு இல்லை. வித்தியாசமெல்லாம் குரல் அறுந்து போகாமல் இருப்பதிலும், சத்தம் திடீரென ஏறும்போது கரகரக்காமல் இருப்பதிலும், பேட்டரி இரண்டு வருடம் தாங்குமா என்பதிலும்தான்.

நான் முதலில் பார்த்தது, பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆஃப் செய்ய முடியுமா என்பதை. விற்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள், ஆனால் எனக்குப் பெரிய தொல்லை கொடுத்தது அதுதான். மின்விசிறி, ஏசி மாதிரி ஒரே சீராக இரையும் சத்தத்தை அது ஓரளவு எடுத்துவிடும். தறி அப்படி இல்லை, விட்டு விட்டு அடிக்கும். அடி விழும்போதெல்லாம் குரலையும் சேர்த்து நறுக்குகிறது. அப்பா "ஊடை" என்றால் "ஊ" மட்டும் வருகிறது. "இழுத்து விட்டா" என்பது தண்ணீருக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், தறிச் சத்தமே எனக்கு வேண்டும். அது இல்லாமல் அப்பா பேசினால் ஏதோ ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. நாடா பலகை மேல் சறுக்கும்போது வரும் மெல்லிய 'ஸர்ர்' சத்தத்தைக் கேட்டாலே என் அத்தை கண் கலங்குவார், கல்யாணமாகி ஓசூர் போனதிலிருந்து அவர் அதைக் கேட்டதில்லை. முதலில் வாங்கிய மைக்கில் இந்த நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைக்கவே வழியில்லை. இப்போது வாங்கியதில் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும், விளக்கு நிறம் மாறும். எந்த நிறம் எதற்கு என்று டப்பா மூடியில் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அடுத்தது பிளக். என்னுடையது டைப் சி. சித்தப்பா மகனிடம் ஐபோன் 13 இருக்கிறது, அதற்கு லைட்னிங் பிளக் வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15 முதல்தான் அதிலும் டைப் சி. இரண்டு பிளக்கும் வருகிற செட் கிடைத்தால் அதையே எடுங்கள், போன் மாற்றினாலும் மைக் வீணாகாது. இரண்டு மைக் செட் வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். குறைந்த விலையில் வருபவற்றில் பல இரண்டு குரலையும் ஒன்றாகக் கலந்தேதான் பதிவு செய்யும், பிறகு ஒருவர் குரலை மட்டும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. அப்புறம் சார்ஜர். புதிய போன்களோடு வரும் இரண்டு பக்கமும் டைப் சி உள்ள வயரில் சில மலிவு மைக்குகள் சார்ஜே ஏறாது. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு பக்கம் பழைய பெரிய யூஎஸ்பி உள்ள வயரைப் போட்டால் ஏறிவிடும். திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். வந்த அன்றே உங்கள் வேலை நடக்கும் இடத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள், அமைதியான படுக்கையறையில் அல்ல.

மாட்டும் இடத்துக்கு வருகிறேன், பாதித் தரம் இங்கேதான் இருக்கிறது. அப்பா வீட்டில் பனியனும் வேட்டியும்தான். பனியன் கழுத்தில் கிளிப்பை மாட்டினால் துணி தளர்ந்து மைக் கீழே பார்த்துத் தொங்கும், ஒவ்வொரு முறை கை வீசும்போதும் நெஞ்சில் உரசி 'கரக் கரக்' என்று வரும். காந்தத்தோடு வருகிற மாதிரி வாங்கியதால் தப்பித்தேன், பனியனுக்கு உள்ளே ஒரு வில்லை, வெளியே மைக், அசையாது. தோளில் துண்டு போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்வேன். அம்மாவுக்கு மாட்டுவது இன்னும் கவனம். தாலிச் சரடு மைக்கில் மோதும் சத்தம் பதிவில் தட்டில் காசு போட்ட மாதிரி கேட்கும். முந்தானையை இழுத்துச் செருகும்போதும் உரசும். இப்போது இடது தோளில், ரவிக்கையோடு சேர்த்துச் சேலை மடிப்பில் மாட்டுகிறேன், சரடு எட்டாது. வாசலில் எடுக்கும்போது மட்டும் மைக்கின் மேல் மாட்டும் பஞ்சுத் தொப்பியைப் போடுகிறேன், காற்று நேராக மைக்கில் அடித்தால் அதைப் பிறகு எந்த ஆப்பும் சரிசெய்யாது.

எடுக்கும் முன் ஒரு நிமிடம் சோதனை, இதை இப்போது ஒரு நாளும் விடுவதில்லை. மைக்கின் மேல் விரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டுவேன், அப்புறம் அப்பாவை நெய்தபடி நாலு வார்த்தை பேசச் சொல்வேன். பதிவில் அந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்டால் காலர் மைக் வேலை செய்கிறது, கேட்காவிட்டால் போன் மைக்தான் ஓடுகிறது. கேட்பதற்கு ரிசீவரைக் கழற்ற வேண்டும், செருகியிருக்கும்வரை சில போன்களின் ஸ்பீக்கரில் சத்தமே வராது. கழற்றி, இயர்போனில் கேட்டு, மறுபடி செருகி, அப்புறம்தான் நிஜமாக எடுப்பது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் புதிதாக ஆரம்பிக்கிறேன், ஏதாவது கெட்டாலும் அந்தத் துண்டோடு போகும்.

போன வாரம் கோர்வை போடும்போது, அதாவது வேறு நிறக் கரையை உடம்போடு கோத்து நெய்யும்போது, அப்பா அம்மா இருவருக்கும் ஆளுக்கொரு மைக் மாட்டினேன். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் கரை நாடாவைப் போட இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும், எங்கள் வீட்டில் அது அம்மா. நேரில் பார்த்தால் இரண்டு பேரும் பேசாமல் வேலை செய்கிற மாதிரிதான் தெரியும். பதிவில் கேட்டால் ஒவ்வொரு நாடாவுக்கும் அப்பா "ம்" என்கிறார், அம்மா "ம்" என்று திருப்பிச் சொல்கிறார். இத்தனை வருடம் அதே அறையில் வளர்ந்தும் அதை நான் கேட்டதே இல்லை.

இந்தப் பாவு இன்னும் இரண்டு முழத்தில் முடிகிறது. நாளைக் காலையில் புதுப் பாவு பிணைக்க ஆள் வருகிறார், விரலில் சாம்பல் தொட்டுப் பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்குவார், ஆயிரக்கணக்கான இழை. முறுக்கிக்கொண்டே பேசுவார், நிறைய பேசுவார். இரண்டு மைக்கும் டப்பாவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கின்றன.