ஒருவரின் சம்பள வாரமும் மற்றவரின் தாமதமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நான் பராமரித்துவரும் சம்பளக் கணக்கு மென்பொருளைச் செம்பனைத் தோட்ட அலுவலகங்களும் பட்டணத்துச் சிறு கடைகளும் சேர்ந்தே பயன்படுத்துகின்றன. எல்லாருடைய தரவும் ஒரே போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில், டெனன்ட் எண்ணால், அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்கும் தந்த எண்ணால், பிரிக்கப்பட்டு, ஒரே அட்டவணைகளில் இருக்கிறது. எழுதுவது முதன்மைச் சர்வரில். அறிக்கைகளைப் படிப்பது அதன் நகலில். சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டியிருப்பதால், மாதத்தின் முற்பாதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலையைக் குவிக்கிறார்கள்.

அப்போது வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். கடைக்காரர் ஒருவர் ஓவர்டைம் தொகையைச் சேர்த்துச் சேமிப்பார், அடுத்த பக்கத்தில் அது தெரியாது, பதியவில்லை போலும் என்று மீண்டும் சேர்ப்பார், தொகை இரட்டிப்பாகிவிடும். "தம்பி, உங்க சிஸ்டம் தானா கூட்டிக்குது" என்று தொலைபேசியில் சொல்வார்.

தானாகக் கூட்டவில்லை. முதன்மைச் சர்வரில் நிகழும் மாற்றங்கள் எல்லாம் ஒரே பதிவேட்டில் வரிசையாக எழுதப்பட்டு நகலுக்குப் போகின்றன. அங்கே அவற்றை ஒரே ஒரு செயல்முறைதான் அதே வரிசையில் நிறைவேற்றுகிறது. பெரிய தோட்டம் ஒன்று மாதம் முழுவதற்குமான செக்ரோலை, அதாவது தொழிலாளர்களின் வருகை, கூலிப் பட்டியலை, மொத்தமாக ஏற்றினால், அதற்குப் பின்னால் வந்த கடைக்காரரின் ஒற்றை வரி அதுவரை காத்திருக்க வேண்டும். நாள் முழுவதற்குமான சராசரித் தாமதத்தைக் காட்டும் வரைபடமோ இதை மறைத்துவிடும். அந்தச் சராசரியை நான் இப்போது பார்ப்பதே இல்லை. நகல் பொதுவாக எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைவிட, இந்த டெனன்ட் கடைசியாக எழுதியது அங்கே சேர்ந்துவிட்டதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு விடை காண்பது கடினமன்று. ஒவ்வொரு மாற்றமும் உறுதியானதும், அதாவது கமிட் ஆனதும், பதிவேட்டில் அப்போதைய இடத்தை, அதாவது எல்எஸ்என் எண்ணை, அந்த டெனன்டின் பெயரில் ரெடிஸ் என்ற வேக நினைவகச் சேமிப்பில் குறித்துவைக்கிறோம். படிக்க வரும்போது நகல் அந்த இடத்தைத் தாண்டிவிட்டதா என்று பார்த்து, தாண்டாவிட்டால் அந்த டெனன்டை மட்டும் முதன்மைச் சர்வருக்கே அனுப்புகிறோம். எண்ணைக் கமிட்டுக்குப் பிறகே எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் கமிட் பதிவு அதற்கு அப்பால் விழுந்து, சரிபார்ப்பே பொய்யாகிவிடும்.

2016இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து, நகல் மாற்றத்தை நிறைவேற்றும்வரை கமிட்டையே நிறுத்திவைக்கும் 'ரிமோட் அப்ளை' முறையும் உண்டு. பரிவர்த்தனைவாரியாக அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றாலும் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. செக்ரோல் ஓடிக்கொண்டிருந்தால் கடைக்காரரின் 'சேமி' பொத்தானும் அதற்குப் பின்னால்தான் நிற்கும். நகல் ஒன்றே ஒன்றாக இருந்து அது விழுந்துவிட்டாலோ, அது மீண்டு வரும்வரை அந்தக் கமிட் திரும்பாது.

பெரிய தோட்டங்களைத் தனிச் சர்வருக்கு மாற்றுவதே நிரந்தர வழி. பதிவேட்டை முழுதாக அப்படியே அனுப்பும் இப்போதைய பௌதிக நகலெடுப்பு ஒரு டெனன்டை மட்டும் பிரித்தெடுக்காது. அதனால் அட்டவணை வரிகளில் நேர்ந்த மாற்றங்களை அனுப்பும் தர்க்க நகலெடுப்பு வேண்டும். 2022இல் வந்த 15ஆம் பதிப்பு முதல் அதில் வேண்டிய வரிகளை மட்டும் அனுப்பும் வடிகட்டியும் கிடைக்கிறது. ஆனால் திருத்தங்களையும் நீக்கங்களையும் அனுப்ப வேண்டுமானால், வடிகட்டியில் வரும் பத்தி, அதாவது அட்டவணையின் நெடுவரிசை, அந்த வரியின் அடையாளத்துக்குள் இருந்தாக வேண்டும். வழக்கமான அமைப்பில் அந்த அடையாளம், ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் முதன்மைச் சாவிதான். எங்கள் பழைய அட்டவணைகளின் முதன்மைச் சாவியில் டெனன்ட் எண் இல்லை. புதிய பத்தி சேர்ப்பது போன்ற அமைப்பு மாற்றங்களும் தாமாகப் போய்ச் சேரா. பெறும் பக்கத்தில் முதலில் செய்யாவிட்டால் நகலெடுப்பு நின்றுவிடும், அனுப்பாத பதிவேடு முதன்மைச் சர்வரின் வட்டில் குவியும். 13ஆம் பதிப்பு முதல் அதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பு மீறினால் அந்த நகலை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும்.

ஆகவே சாவிகளை மாற்றும் வேலை முன்னே நிற்கிறது. இம்மாதச் சந்தாக்கள் கட்டி முடிந்த பிறகு, சம்பள விவர அட்டவணையிலிருந்து அதைத் தொடங்கவிருக்கிறோம்.