கீப்பர் யாரென்று தெரியும், ஓட்டியது யார்?

பிரிட்டனில் கார் வைத்திருக்கும் வீட்டுக்கு என்றாவது ஒருநாள் இந்தக் கடிதம் வந்தே தீரும். சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் வண்டி நுழைந்த படம், வெளியேறிய படம், கீழே 100 பவுண்ட் கட்டச் சொல்லி ஒரு வரி. 14 நாளுக்குள் கட்டினால் 60.

முதலில் அனுப்பியது யார் என்று பாருங்கள். கவுன்சில் அனுப்புவது பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ், தனியார் கம்பெனி அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டுக்கும் சுருக்கம் பி.சி.என். என்பதால்தான் பாதிப் பேர் பயந்துபோய்க் கட்டிவிடுகிறார்கள். தனியார் அனுப்புவது அபராதம் அல்ல, ஒப்பந்தப்படி கேட்கும் பணம். கார் பார்க் போர்டைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர்தான் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு, அதாவது ஓட்டியவர். கம்பெனிக்கு அவர் யாரென்று தெரியாது. வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு 2.50 பவுண்ட் கட்டி வாங்குவது லாக் புக் என்ற பதிவுச் சான்றில் இருக்கும் ரெஜிஸ்டர்ட் கீப்பரின், அதாவது வண்டி யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவரின், பெயரும் விலாசமும்தான். அப்பா பேரில் கார், இன்ஷூரன்ஸில் மூன்று பேர், அன்று சாவியை எடுத்துப் போனது யாரோ என்பது நம் வீடுகளில் சகஜம்.

ஓட்டியவரை விட்டுவிட்டு கீப்பரிடம் பணம் கேட்க ஒரே ஒரு வழி இருக்கிறது: 2012ஆம் ஆண்டின் புரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டம், 4ஆம் அட்டவணை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். அது சொல்லும் நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் கீப்பர் மேல் பொறுப்பு வராது. கடிதத்தைக் கையில் எடுத்ததும் காலண்டரையும் எடுங்கள்.

கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் தபாலில் மட்டும் வந்த நோட்டீஸ் என்றால், வண்டி நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் கீப்பரிடம் அது சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பினால் போதாது, சேர வேண்டும். தபாலில் போட்டதற்குப் பின் வரும் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2025 மார்ச் 3, திங்கள்கிழமை வண்டி நின்றது என்று வைத்துக்கொள்வோம். கெடு மார்ச் 17. வியாழன் 13ஆம் தேதி தபாலில் போட்ட கடிதம் திங்கள் 17 அன்று சேர்ந்ததாகக் கணக்கு, கெடுவுக்குள் வந்துவிட்டது. வெள்ளி 14ஆம் தேதி போட்டிருந்தால் செவ்வாய் 18. ஒரு நாள் தாமதம், கீப்பர் தப்பித்தார். அதனால் உறையைக் குப்பையில் போடாதீர்கள். கடிதத்தில் அச்சான தேதியும் தபாலில் போட்ட தேதியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

கண்ணாடியில் டிக்கெட் வைத்திருந்தால் கணக்கு வேறு. கீப்பருக்கான நோட்டீஸ் 29ஆம் நாளிலிருந்து 56ஆம் நாளுக்குள் வர வேண்டும். டிக்கெட்டைப் பார்த்த அன்றே பதறிப்போய் முறையிடுபவர், தானே ஓட்டினேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கீப்பராகத் தப்பிக்கும் வாய்ப்பை இழக்கிறார்.

தேதி சரியாக இருந்தால் வாசகத்தைப் பாருங்கள். வண்டி எவ்வளவு நேரம் நின்றது, எந்த இடம், பணம் யாருக்குச் சேர வேண்டியது என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஓட்டியவரின் பெயரும் விலாசமும் தங்களுக்குத் தெரியாது என்று சொல்லி, பணத்தைக் கட்டும்படியோ ஓட்டியவர் விவரத்தைத் தரும்படியோ கீப்பரைக் கேட்டிருக்க வேண்டும். 28 நாள் கழிந்தால் கீப்பரிடமே வசூலிக்கும் உரிமை வந்துவிடும் என்ற எச்சரிக்கையும் கட்டாயம். சில கம்பெனிகள் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்துவதே இல்லை. அவர்கள் கடிதத்தில் ‘நீங்களே ஓட்டியதாகக் கருதி நடவடிக்கை எடுப்போம்’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். கீப்பர்தான் ஓட்டியிருப்பார் என்று சும்மா ஊகித்துவிட முடியாது என்று 2023இல் ஒரு கவுன்டி கோர்ட் மேல்முறையீட்டிலேயே தீர்ப்பாகியிருக்கிறது.

இடத்தையும் பாருங்கள். தனக்கென்று துணை விதிகள் உள்ள ஹீத்ரோ மாதிரி விமான நிலைய நிலமும், ரயில்வே விதிகளுக்குட்பட்ட ஸ்டேஷன் கார் பார்க்கும் இந்த அட்டவணைக்குள் வராது. அங்கே கீப்பர் பொறுப்பு என்ற பேச்சே இல்லை.

முறையீட்டில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்றுதான். தமிழில் ‘வண்டியை நிறுத்தினேன்’ என்றால் வினையின் வாலே ஆளைக் காட்டிக்கொடுக்கும், ஆங்கிலத்தில் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்து அந்த வேலையைச் செய்துவிடும். ‘மெஷின் வேலை செய்யவில்லை, நான் பத்து நிமிடம் நின்றேன்’ என்று எழுதிய நிமிடமே 4ஆம் அட்டவணை உங்களுக்கு உதவாது. கீப்பராகவே எழுதுங்கள், ஓட்டியவரை எல்லா இடத்திலும் ‘டிரைவர்’ என்றே சொல்லுங்கள். ஓட்டியவர் பெயரைத் தனியார் கம்பெனிக்குச் சொல்ல கீப்பருக்குச் சட்டக் கடமை கிடையாது. போலீஸ் கேட்டால் கதை வேறு. கம்பெனி வெப்சைட்டில் ‘நீங்கள் யார்’ என்று கேட்கும் கட்டத்தில் கீப்பரைத் தேர்ந்தெடுத்து, அனுப்பும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் போஸ்ட் ஆபீஸ் கவுன்டரில் அனுப்பியதற்கான சான்று இலவசம்.

சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. ஓட்டியது நீங்கள்தான் என்றால் ‘நான் ஓட்டவில்லை’ என்று எங்கேயும் எழுதாதீர்கள். நோட்டீஸ் பழுதில்லாமல் இருந்து, ஓட்டியதும் நீங்களாகி, போர்டு, மெஷின் என்று வேறு வாதமும் இல்லையென்றால் 60 பவுண்டைக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். தொகையே அநியாயம் என்று மட்டும் வாதாடினால் நிற்காது. 2 மணி நேரம் இலவசமான செம்ஸ்ஃபோர்ட் கார் பார்க்கில் 56 நிமிடம் அதிகமாக நின்றதற்குக் கேட்ட 85 பவுண்ட் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 2015இல் பார்க்கிங்ஐ - பீவிஸ் வழக்கில் சொல்லிவிட்டது.

முறையீட்டைக் கம்பெனி பெரும்பாலும் நிராகரிக்கும். இந்தக் கம்பெனிகளுக்கு பிபிஏ, ஐபிசி என்று இரண்டு சங்கங்கள். பிபிஏ உறுப்பினர் என்றால் நிராகரிப்போடு பொப்லா என்ற மேல்முறையீட்டு அமைப்புக்கான எண் வரும், 28 நாளுக்குள் அங்கே போகலாம். ஐபிசி உறுப்பினர் என்றால் ஐஏஎஸ் என்ற இன்னொரு மேல்முறையீட்டு அமைப்பு. பொப்லாவுக்குப் போவது வீணாகாது. வென்றால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட வேண்டும், தோற்றால் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. கீப்பர் பொறுப்பு வரவில்லை என்பதையே முதல் வாதமாக, தேதிக் கணக்கோடு வையுங்கள். நிலச் சொந்தக்காரரின் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்வது இரண்டாவது.

அதன் பிறகு வசூல் கம்பெனிகளின் சிவப்பு எழுத்துக் கடிதங்கள் வரும், 100 பவுண்ட் 170 ஆகியிருக்கும். இவர்கள் கோர்ட் உத்தரவோடு பொருளைப் பறிமுதல் செய்ய வரும் பெய்லிஃப் அல்ல, வீட்டுக் கதவைத் தட்டி எதையும் எடுத்துப்போக முடியாது. அந்தக் கூடுதல் 70ஐ அட்டவணையின்படி கீப்பரிடம் கேட்கவும் முடியாது, நோட்டீஸில் உள்ள தொகைதான் உச்சவரம்பு. இவற்றை அலட்சியம் செய்யலாம். வழக்குப் போடுவதற்கு முந்தைய கடிதமான ‘லெட்டர் பிஃபோர் கிளெய்ம்’ வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது, 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். வீடு மாறியிருந்தால் லாக் புக் விலாசத்தையும் கம்பெனியிடம் உள்ள விலாசத்தையும் உடனே மாற்றுங்கள். பழைய விலாசத்துக்குப் போன கோர்ட்டின் கிளெய்ம் ஃபார்ம் உங்களுக்குத் தெரியாமலே சிசிஜே, அதாவது பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு ஆகி, ஆறு வருடம் கிரெடிட் ரிப்போர்ட்டில் உட்கார்ந்துவிடும்.

கிளெய்ம் ஃபார்மில் 170, கோர்ட் கட்டணம் 35, வக்கீல் செலவு 50, மேலே வட்டி என்று இருக்கும். ஃபார்மில் உள்ள தேதியிலிருந்து ஐந்தாம் நாள் அது உங்களிடம் சேர்ந்ததாகக் கணக்கு. அதிலிருந்து 14 நாளுக்குள், ஃபார்ம் கிடைத்தது என்ற அக்னாலெட்ஜ்மென்ட் போட்டால், உங்கள் எதிர்வாதமான டிஃபென்ஸுக்கு மொத்தம் 28 நாள் கிடைக்கும். டிஃபென்ஸின் அடியில் இருப்பது உண்மை உறுதிமொழி. பொய்க்குக் கையெழுத்திட்டால் கோர்ட் அவமதிப்பு வரைக்கும் போகும். நீதிபதி நேரில் கேட்டாலும் உண்மைதான் சொல்ல வேண்டும்.

2024 மே 22 அன்றோ அதற்குப் பிறகோ தாக்கலான வழக்கென்றால் நடுவில் ஒரு மணி நேர இலவச ஃபோன் சமரசம் கட்டாயம். போகாமல் இருக்காதீர்கள், ஆனால் அங்கே காசு கொடுக்க ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. அதுவும் முடிந்து விசாரணைத் தேதி வந்தால், விசாரணைக் கட்டணம் 27 பவுண்டை வழக்குப் போட்டவர் கட்ட வேண்டும். சரியான தேதிக் கணக்கோடு டிஃபென்ஸ் போட்ட கீப்பர்மேல் அதைக் கட்டாமலே வழக்கைக் கைவிடுவதும் உண்டு. ‘நோட்டீஸ் ஆஃப் டிஸ்கன்டினியூவன்ஸ்’ என்று ஒற்றைத் தாள் வரும், அதை அந்த உறையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.