அண்டாவுக்குப் பூட்டு

"இதையும் தூக்கிட்டுப் போயிருவான் தம்பி" என்றார் அக்கா.

இன்று காலை, பாம்பனில். தண்ணீர் பிடிக்கிற பித்தளை அண்டாவைச் சைக்கிள் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு பூட்டிக்கொண்டிருந்தார். உப்புக்காற்றில் சங்கிலி முழுக்கத் துரு. சாவி முந்தானை முடிச்சில்.

பூட்டு மகனுக்காக.

கடலோரத்தில் சோதனை இறுகியதிலிருந்து போதைப் பொட்டலம் கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் இரண்டு மடங்கு விலையாம். மகனின் பழக்கம் மட்டும் குறையவில்லை. போன வாரம் காஸ் சிலிண்டர் போய்விட்டது.

2001-ல் ஆஸ்திரேலியாவில் ஹெராயின் வரத்து திடீரென வற்றியது. விலை எகிறியது. அளவு மீறி எடுத்துச் செத்துப்போகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். ஆனால் சிட்னி பக்கம் முதல் சில மாதங்கள் வழிப்பறி கூடியது, அப்புறம்தான் இறங்கியது. சிலர் கொக்கெய்னுக்கும் மாறினார்கள்.

கடத்தலைப் பிடிப்பது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்தே ஆக வேண்டும். ஆனால் அந்த முதல் சில மாதங்களை அக்கா தனியாக எப்படித் தாங்குவார்? ரோந்துப் படகு போகிற அதே வாரம், சிகிச்சைக்கு ஒரு கட்டிலும் பக்கத்திலேயே வேண்டும்.

போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பேசி முடிக்கும்வரை சங்கிலியிலிருந்து கையை எடுக்கவே இல்லை அவர்.