பாதியைத் தின்ற சல்லடை

குடல் நுண்ணுயிர்த் தரவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரே வரிதான்: டிஎன்ஏவைப் படிக்கும் கருவியான சீக்வென்சரில் இருந்து வந்த ரீட்களை, அதாவது அது படித்த துண்டுகளை, வடிகட்டிக் கொடு. சல்லடையில் சலிப்பதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மல மாதிரிகளில் டிஎன்ஏ பிரித்து, எந்தப் பாக்டீரியா என்று அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவில் வி4 என்ற துண்டை மட்டும் பெருக்கிப் படித்திருந்தார்கள். முழு மரபணு ஏறக்குறைய 1,500 எழுத்து நீளம். வி4 சுமார் 250. படித்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தர மதிப்பெண் உண்டு. 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று தவறலாம், 20 என்றால் நூற்றில் ஒன்று. ரீட்டின் வால் பக்கம் தரம் சரியும். எங்கே வெட்டுவது என்று பார்த்து வெட்டினேன். அதுவரை எல்லாம் சரி.

அப்புறம் கைமீராக்களை நீக்கும் படி. டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரில் ஒரு நகல் பாதியில் நின்றுபோகும். அடுத்த சுற்றில் அந்தப் பாதி வேறொரு பாக்டீரியாவின் இழையில் ஒட்டி வளர்ந்துவிடும். தலை ஒன்று, உடல் வேறு. அப்படி ஓர் உயிரி உலகத்திலேயே கிடையாது, ஆனால் பட்டியலில் புது இனம்போல வந்து உட்காரும். டாடா2 மென்பொருள் அவற்றைக் கண்டுபிடித்து நீக்கியது. நீக்கியதில் என் ரீட்களில் பாதிக்கு மேல் போய்விட்டன.

நான் செய்த காரியம்தான் வெட்கக்கேடு. கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். ரீட்கள் திரும்பி வந்தன, இனங்களின் எண்ணிக்கை எகிறியது, வரைபடம் செழிப்பாகத் தெரிந்தது. சீனியர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, “பிரைமரை வெட்டினீங்களா?”

வெட்டவில்லை. பெருக்கலைத் தொடங்கிவைக்க டிஎன்ஏவில் ஒட்டும் சிறு துண்டுதான் பிரைமர்; ரீட்டோடு அதுவும் சேர்ந்து வந்திருந்தது. பலவகை பாக்டீரியாவிலும் ஒட்ட வேண்டும் என்பதற்காக, பிரைமரில் சில இடங்களில் மாற்று எழுத்துகளைக் கலந்தே தயாரிப்பார்கள். அந்த வேறுபாடுகளை மென்பொருள் நிஜம் என்று நம்பி, நல்ல ரீட்களையும் கலப்பு என்று தள்ளியிருக்கிறது. பிரைமரை எடுத்துவிட்டு ஓட்டியதும் கைமீராவாகக் கழிந்தது சொற்பம்தான். சல்லடையில் கோளாறே இல்லை, நான் கொட்டியதில்தான்.

(இன்னொரு வேடிக்கை: சாப்பிட்ட இலைதழையின் பசுங்கணிகமும் 16எஸ் வைத்திருக்கும். அதை நீக்க மறந்தால் குடலுக்குள் நீலப்பச்சைப் பாக்டீரியா குடியிருப்பதாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.)

அடுத்து வந்தவை குடல் பயாப்ஸி மாதிரிகள். மலத்தோடு ஒப்பிட்டால் இவற்றில் பாக்டீரியா மிகக் குறைவு. மாதிரிக்கு ஒரு புள்ளியாக வரைந்த படத்தில் நோயாளிகள் ஒரு கூட்டமாக, நலமானவர்கள் இன்னொரு கூட்டமாக அழகாகப் பிரிந்து நின்றார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். பிரித்துக் காட்டிய பாக்டீரியாக்களின் பெயரைப் பார்த்தேன்: ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம். மண்ணிலும் நீரிலும் வாழ்பவை, குடலில் இவற்றுக்கு என்ன வேலை?

டிஎன்ஏ பிரிக்கும் கிட்டுக்குள்ளேயே இப்படிப்பட்ட டிஎன்ஏ இருக்கும் என்பது 2014இலேயே காட்டப்பட்ட விஷயம். சால்மொனெல்லா பாங்கோரி என்ற ஒரே பாக்டீரியாவை மட்டும் வளர்த்து, படிப்படியாக நீர்க்கச் செய்து படித்தார்கள். நீர்க்க நீர்க்க சால்மொனெல்லா ஒதுங்கி, கிட்டின் அழுக்கு முன்னுக்கு வந்தது. மல மாதிரியில் அது மூழ்கிப்போகும், பயாப்ஸியில் மேலே மிதக்கும்.

ஆய்வக நோட்டைப் புரட்டினேன். நோயாளி மாதிரிகள் ஒரு லாட் (தயாரிப்புத் தொகுதி) கிட்டில், மற்றவை வேறு லாட்டில். மாதிரியே போடாமல் ஓட்டும் காலிக்குழாய் ஒன்றுகூட இல்லை. இடம் மிச்சப்படுத்துவதற்காக விட்டுவிட்டார்களாம். அது இருந்திருந்தால் அதில் தென்படுவதை வைத்து அழுக்கை அடையாளம் காணலாம். இல்லாதபோது எந்தப் பெயரை நீக்குவது, எதை விடுவது என்பது என் ஊகம். அந்த ஊகத்தை வடிகட்டல் என்று எழுத மனம் வரவில்லை.

மிச்சம் இருந்த திசுவில் இருந்து மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை ஒரே லாட், இரு குழுவையும் கலந்து அடுக்கி, நடுநடுவே மூன்று காலிக்குழாய். பிரிந்து நின்ற புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அடுத்த வாரக் கூட்டத்துக்கு வைத்திருந்த தலைப்பை அன்று மாலையே அழித்தேன்.