நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஒரு புத்தகக் கட்டும்

"சார், பார்சல் பொள்ளாச்சியில இருக்காம். நேர்ல வந்து வாங்கிக்கணுமாம்." வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளி டீச்சர் போனில் சொன்னார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையால் கூரியர் ரசீதைத் தேடி எடுத்தேன். பின்கோடு சரி, போன் நம்பர் சரி. புக்கிங் செய்த பையன் "எல்லா ஊருக்கும் போகும்ணே" என்று சொன்னதும் நன்றாக நினைவிருந்தது. வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கவே நாற்பது கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் இருபத்திரண்டை வாங்க அந்த அம்மா ஒரு நாள் லீவு போட்டு மலையிறங்க வேண்டுமாம்.

வீட்டு முன்னறையில் புத்தகம் விற்கிறேன். சிறுவர் நூல்கள் பாதி, பழைய புத்தகங்கள் பாதி. ஆர்டர் எல்லாம் வாட்ஸப்பில்தான். 2024 டிசம்பர் வரை எனக்கு அனுப்புகிற வேலை ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. தபால் துறையில் புத்தகங்களுக்கான பதிவு புக் போஸ்ட் இருந்தது. எந்தக் குக்கிராமமானாலும் குறைந்த காசில் போய்ச் சேரும். அந்த மாதம் அதை நிறுத்திவிட்டார்கள். தபால் நிலையக் கவுண்டரில் புத்தகக் கட்டை நீட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. 120 ரூபாய் புத்தகத்துக்கு அதில் பாதிக்கு மேல் அனுப்பும் செலவு என்றால் யார் வாங்குவார்கள்? அந்தப் பதற்றத்தில்தான் கூரியர் பக்கம் ஓடினேன். வால்பாறைக் கட்டு அப்போது போனது.

பொள்ளாச்சிக் கிளைக்கு நானே பேசினேன். "அந்த ஏரியா ஓடிஏ சார்" என்றார் எடுத்தவர். டெலிவரி எல்லைக்கு வெளியே என்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். அதைப் பணம் வாங்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "புக்கிங் வேற, டெலிவரி வேற சார்." இரண்டு ஊர்க் கிளையும் இரண்டு தனித்தனி முதலாளிகள், மேலே தொங்குகிற போர்டு மட்டும்தான் ஒன்று என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. திருப்பி அனுப்பச் சொன்னேன். பதினேழாம் நாள் கட்டு வீடு வந்தது, திரும்பி வந்ததற்கும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு. மறுநாள் அதையே ஸ்பீட் போஸ்ட்டில் போட்டேன். நான்காம் நாள் தபால்காரர் பள்ளியிலேயே கொடுத்துவிட்டுப் போனார் என்று டீச்சர் படம் அனுப்பினார். அந்த ஆர்டரில் எனக்கு லாபம் ஒன்றுமில்லை. கைக்காசு போனது மட்டும்தான்.

அதன்பிறகு ஒரு பழக்கம். கூரியரில் போட வேண்டியிருந்தால், புக்கிங் பையன் சொல்வதை நம்புவதில்லை. போய்ச் சேர வேண்டிய ஊர்க் கிளையின் நம்பரை வாங்கி, "இந்தத் தெருவுக்கு வீட்டில் கொண்டு கொடுப்பீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடுவேன். இரண்டு நிமிஷ வேலை.

2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் வந்தது. புத்தகங்களுக்கென்றே தபால் துறை தொடங்கிய ஒரு சேவை. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. டிராக்கிங்கும் உண்டு. செய்தியைப் படித்த இரண்டாம் வாரம் ஆறு கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனேன். "அப்படி ஒண்ணும் எங்களுக்கு வரலையே சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். ஆறையும் மறுபடி பைக்கில் கட்டி வீட்டுக்கு வந்தேன். அடுத்த முறை அறிவிப்பை பிரிண்ட் எடுத்துப் போனேன். அவர் படித்துப் பார்த்தார், உள்ளே போய் யாரையோ கேட்டார், திரும்பி வந்து கம்ப்யூட்டரில் தேடினார். இருந்தது! அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னார். வாடிக்கையாளருக்கு அன்பளிப்பாக ஒரு சிற்றிதழின் பழைய பிரதியை உள்ளே வைத்திருந்தேன். "பத்திரிகை இதுல போகாது சார்." விதி அப்படித்தான், பருவ இதழ்களுக்கு இடமில்லை. விளம்பரத்துக்கும் இல்லை. இதழை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த கட்டில் ஒரு பழைய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு. முன்னட்டை கிடையாது, முதல் நான்கு தாள்கள் செல்லரித்துப் போயிருந்தன. புத்தகத்தில் பதிப்பாளர் பெயரோ அச்சகத்தின் பெயரோ இருக்க வேண்டுமே என்று அவர் முன்னும் பின்னும் புரட்டினார். சில அச்சகங்கள் கடைசிப் பக்கத்தின் அடியில் பெயர் போடும் என்று நானும் குனிந்து தேடினேன். இதில் அதுவும் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர் பெருமூச்சு விட்டார். அந்தக் கட்டு மட்டும் என்னோடு வீடு திரும்பியது.

இப்போது பழைய புத்தகம் வாங்கும்போதே பதிப்பாளர் பெயரோ அச்சகத்தின் பெயரோ உள்ள பக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கட்டை முழுதாக ஒட்டாமல் கொண்டுபோகிறேன். அவர் பார்த்து முடித்ததும் கவுண்டர் ஓரத்திலேயே டேப் ஒட்டுவேன். டேப்பும் கத்தரியும் பைக் பெட்டியில் எப்போதும் இருக்கும்.

ஞான் போஸ்ட் தரைவழியாகத்தான் போகும், அவசரத்துக்கு ஆகாது. பேத்தியின் பிறந்தநாளுக்கு என்று சொல்லி வாங்கிய ஒரு ஐயாவுக்கு அதில் அனுப்பிவிட்டேன். கேக் வெட்டி மூன்று நாள் கழித்துப் புத்தகம் போயிருக்கிறது. தப்பு என்னுடையது. தேதி சொல்லிக் கேட்டால் இப்போது ஸ்பீட் போஸ்ட்தான். 2025 அக்டோபர் 1 முதல் அதன் கட்டணமும் மாறிவிட்டது: 250 கிராமுக்கு மேல் 500 கிராம் வரை உள்ளூருக்கு 28, 200 கிலோமீட்டருக்குள் 70, 500க்குள் 75, வரி தனி. 490 கிராம் புத்தகத்தை அட்டையில் சுற்றினால் 500ஐத் தாண்டிவிடும். அதற்காகவே ஒரு சமையல் தராசு வாங்கி வைத்திருக்கிறேன்.

"ரிஜிஸ்டர் தபால்ல போடுங்க தம்பி" என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்நாட்டுப் பதிவுத் தபாலை 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. பெறுபவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், கூடுதலாக 5 ரூபாயும் வரியும் கட்டிப் பதிவு வசதி கேட்கலாம். ஓடிபி சொன்னால்தான் கொடுப்பது என்பதற்கும் அதே 5 ரூபாய். விலை உயர்ந்த பழைய புத்தகங்களுக்கு நான் இதைச் செய்கிறேன்.

கூரியரை முழுதாக விட்டுவிடவில்லை. சென்னை, கோவைக்கு மறுநாளே வேண்டும் என்பவர்களுக்கு அதுதான். ஆனால் ஐப்பசி மழையில் ஒரு கட்டு ஊறிப்போய்ச் சேர்ந்தது. உள்ளே 900 ரூபாய்ப் புத்தகங்கள், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வடகம் மாதிரி ஆகிவிட்டன. இழப்பீடு கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். கடுகு சைஸ் எழுத்தில், 100 ரூபாய்க்கு மேல் பொறுப்பேற்க மாட்டோம் என்று இருந்தது. அந்த 100 ரூபாயும் இன்னும் வரவில்லை. இப்போது மழையோ வெயிலோ, புத்தகத்துக்கு முதலில் பாலித்தீன் கவர், அப்புறம்தான் அட்டை.

கவுண்டரில் இருப்பவர் இப்போது என்னைப் பார்த்ததுமே "ஞானா, ஸ்பீடா?" என்று கேட்கிறார். அந்த நாட்டுப்புறக் கதைப் புத்தகத்தை மட்டும் இன்னும் எதிலும் போடவில்லை. விலை 60 ரூபாய். கேட்டவர் விருதுநகர்க்காரர், பொங்கலுக்கு இந்தப் பக்கம் வரும்போது தானே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.