வரப்போகும் ஃபார்ச்சூனரில் 2.4 டீசல் இருக்குமா?

டர்பன் நகரின் மெர்பாங்கில் எங்கள் வீட்டிலிருந்து பிராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலைக்குப் போக அதிக நேரம் பிடிக்காது. பழைய விமான நிலையத்தைத் தாண்டினால் வந்துவிடும். தென்னாப்பிரிக்கச் சாலைகளில் ஓடும் ஃபார்ச்சூனர்கள் 2006 முதல் அங்கேதான் உருவாகின்றன. எங்கள் தெருவில் அங்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு, இன்னும் ஷிஃப்டுக்குப் போய் வருபவர்களும் உண்டு. ஆனால் அடுத்த வண்டியைப் பற்றிக் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கிரிக்கெட்டுக்குப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுவதெல்லாம் வெளியில் தெரிந்த செய்திகளை வைத்து நானாகப் போட்ட கணக்குதான்.

கணக்குப் போட வைத்தவன் என் அக்கா மகன். ஜோஹானஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். மனைவி, மூன்று பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று வண்டிக்குள் ஏழு பேர். தைப்பூசத்துக்கும் ஈஸ்டர் விடுமுறைக்கும் தவறாமல் டர்பனுக்கு இறங்கி வருவான். போன வாரம் தொலைபேசியில், "மாமா, இருக்கிற வண்டிய இப்பவே மாத்திடலாமா, இல்ல புது ஃபார்ச்சூனருக்குக் காத்திருக்கலாமா?" என்று கேட்டான். எந்த எஞ்சின் வரும் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதல் தடயம் ஹைலக்ஸ். ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸ் பக்கியும் (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள பிக்கப் வண்டியை இங்கே பக்கி என்போம்) ஒரே சட்டகத்தின் மேல் பிறந்த உடன்பிறப்புகள். பக்கிக்கு வாய்த்த எஞ்சின்தான் இதற்கும் வாய்க்கும். 2025 நவம்பரில் அறிமுகமான புதிய ஹைலக்ஸில் முதலிடம் பிடித்திருப்பது நமக்குப் பழக்கமான 2.8 லிட்டர் டீசல்தான், அதனோடு எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறிய மின்மோட்டார் கொண்ட 48 வோல்ட் மென்ஹைபிரிட் அமைப்பு. ஆஸ்திரேலியாவில் 2.4 டீசலையும் 2.7 பெட்ரோலையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மின்சார ஹைலக்ஸும் உண்டு. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு N3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர் போகிறவனுக்கு 59.2 கிலோவாட் மணி பேட்டரி எந்த மூலைக்கு?

ஆகவே 2.8 வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2016இல் 130 கிலோவாட்டில் இங்கு வந்த அந்த எஞ்சின் 2020இல் 150 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர் என்று வளர்ந்தது. 2024இல் 48 வோல்ட் துணையும் பெற்றது. ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் பெல்ட்டோடு சேர்ந்து சுழலும் ஒரு சிறிய மோட்டார் அமர்ந்து, தேவைப்படும்போது 12 கிலோவாட்டும் 65 நியூட்டன் மீட்டரும் தந்து உதவுகிறது. ஹைபிரிட் என்ற சொல்லைக் கேட்டு இது மின்சாரத்தில் மட்டும் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது, ஓடாது. எஞ்சினின் சும்மா ஓடும் வேகத்தை நிமிடத்துக்கு 720 சுற்றிலிருந்து 600க்குக் குறைத்திருக்கிறார்கள். ரோபோவில் (போக்குவரத்து விளக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சிவப்பு விழுந்து நிற்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு அந்த அமைதி நன்றாகவே தெரியும்.

பெட்ரோல் வருமா என்பதற்கு விடை சொல்வது எங்கள் மலைதான். ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் தன் திறனில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இழக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் டர்பனில் 120 கிலோவாட் தருகிற 2.7 பெட்ரோல் மேலே போய்ச் சேரும்போது 100 கிலோவாட் அளவுக்கு இளைத்துவிடும். பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் பழைய பெட்ரோல் வண்டியில் N3இல் இருக்கும் வான் ரீனன் கணவாய் ஏறியது நினைவிருக்கிறது. ஏசியை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இரண்டாவது கியரில், இடப்பக்கத் தடத்தில் லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டே ஏறினோம்; எதிரில் இறங்கி வந்த லாரிகளின் பிரேக் கருகும் வாடை உள்ளே நிறைந்தது. பின்வரிசையில் இருந்த பெரியம்மா, "எறங்கித் தள்ளணுமாடா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். டர்போ எஞ்சினுக்கு இந்தச் சங்கடம் மிகக் குறைவு. காற்று மெலிந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று ஈடுகட்டிக்கொள்ளும். மேட்டு நிலத்தில் குடும்ப வண்டிக்கு டர்போ டீசல் இவ்வளவு வேரூன்றியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்படியானால் டர்போ பெட்ரோல் ஹைபிரிட்? அமெரிக்காவில் லேண்ட் குரூஸருக்குக் கொடுத்திருக்கும் 2.4 லிட்டர் டர்போ ஹைபிரிட் 243 கிலோவாட், 630 நியூட்டன் மீட்டர் தருகிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் நம் நாட்டுக்கு வந்த புதிய லேண்ட் குரூஸர் பிராடோவுக்கே 2.8 டீசலைத்தான் கொடுத்தார்கள். அண்ணனுக்குக் கிடைக்காத பட்டுவேட்டி தம்பிக்கா கிடைக்கப்போகிறது? சீனத்து டாங்க் 500 இங்கேயே மூன்று வரிசையோடு 255 கிலோவாட் பெட்ரோல் ஹைபிரிட்டாக விற்கிறது, ஃபோர்டு எவரெஸ்ட் 184 கிலோவாட் V6 டீசலோடு நிற்கிறது. இந்த நெருக்கடி டொயோட்டாவை அசைக்கலாம். அசைத்தாலும் முதல் வருடத்தில் அசைக்காது என்பது என் எண்ணம்.

வரிக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஃபார்ச்சூனர் வாங்குகிறவர்கள் பலரும் கவனிக்காத இடம் இது. பயணிகள் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 95 கிராமுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிட்டால், கூடுதலான ஒவ்வொரு கிராமுக்கும் வரி உண்டு. இரட்டைக் கேபின் பக்கிக்கோ அந்த எல்லை 175 கிராம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.64 கிலோ வாயு வெளியேறும். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் எஞ்சின் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 211 கிராம். அதே எஞ்சின் பக்கியில் இருந்தால் 36 கிராமுக்கு வரி, ஃபார்ச்சூனரில் இருந்தால் 116 கிராமுக்கு வரி. பின்னால் கூரையும் இருக்கையும் வைத்த குற்றத்துக்கு இந்தத் தண்டனை! 48 வோல்ட் அமைப்பு மிச்சப்படுத்தும் சில கிராம்கள் பக்கியைவிட ஃபார்ச்சூனருக்கு ஏன் அதிகம் தேவை என்பது இதிலிருந்து விளங்கும்.

என் கவலை 2.4 பற்றியது. நான் ஓட்டுவது 2018ஆம் ஆண்டு 2.4 தான்; 110 கிலோவாட், 400 நியூட்டன் மீட்டர். சாட்ஸ்வர்த்துக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போய்வர இது தாராளம். ஏழு பேரோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே டவுன் ஹில் என்ற மேட்டில் ஏறும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும், நின்றதில்லை. ஒரே ஒரு முறை நின்றதும் எஞ்சினின் தவறால் அல்ல. ஊர் திரும்பும் வழியில் ஒரு பங்க்கில் டீசல் நிரப்பிய அரை மணி நேரத்தில் எரிபொருளில் நீர் என்ற விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி, வடிகட்டியின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் வடித்தேன். மேலே மஞ்சள் டீசல், கீழே இரண்டு விரற்கடை கலங்கிய நீர். டர்பனின் இரண்டு பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பிறகும், மற்றொன்று 2022லும் இயக்கத்தை நிறுத்திவிட்டன. இப்போது பெருமளவு டீசல் கப்பலில்தான் வருகிறது, பல கை மாறித்தான் பங்க்குக்கு வந்து சேருகிறது. கந்தக அளவும் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), 500 பிபிஎம் என்று இரண்டு விதமாக விற்கிறார்கள். இப்படிப்பட்ட எரிபொருளைத் தாங்கிப் பழகிய எஞ்சினை விட்டுவிட்டு நுணுக்கமான புதிய ஒன்றை இங்கே இறக்க டொயோட்டா அவசரப்படாது.

ஆஸ்திரேலியாவில் போனதால் 2.4 இங்கேயும் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே எல்லா வண்டியும் இறக்குமதி. இங்கே பிராஸ்பெக்டனில் பண்ணைக்காரர்களுக்கும் நிறுவனங்களுக்கும் விலை குறைந்த பக்கி செய்தாக வேண்டும், அதற்குச் சின்ன டீசல் வேண்டும். பக்கிக்காக அந்த எஞ்சின் தொழிற்சாலைக்குள் இருக்கும்வரை, ஆரம்ப விலை ஃபார்ச்சூனருக்கும் அதை வைப்பதில் பெரிய செலவு இல்லை. 48 வோல்ட் துணை இல்லாமல் வரக்கூடும், அது போதும்.

மருமகனுக்குச் சொன்ன பதில் இது: மேட்டு நிலத்தில் இருப்பவன், ஏழு பேரை ஏற்றுகிறவன், அவன் 2.8 வாங்குவதே முறை. 48 வோல்ட் வந்த 2.8 இப்போதே கடையில் இருக்கிறது, புதிய உடம்புக்காக மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. நான் காத்திருப்பேன். விலைப்பட்டியல் வரும் நாளில் 2.4 என்ற எண்ணைத்தான் முதலில் தேடுவேன். அது இல்லாவிட்டால் என் பழைய வண்டிக்கு நான்கு புது டயர் வாங்கிப் போட்டுக்கொள்வேன்.